இடது கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல்

மினசோட்டாவில், பனி முழங்கால் வரை கிடந்த காலையில்
தேவாலயத்துக் கீழறையில் உட்கார்ந்து
முந்நூற்றுப் பன்னிரண்டு மூக்குக்கண்ணாடிகளை
சோப்புத் தண்ணீரில் கழுவினோம்.
பாதிக்கு மேல் செத்தவர்களுடையவை.
யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.
எல்டனுடையதைக் கடைசியாகப் போட்டேன்,
காதில் மாட்டும் நுனியில்
அவர் கடித்துக் கடித்துப் பதிந்த பல்தடத்தோடு.

இப்போது மலாவி. பள்ளிக்கூடத்து மாமரத்தடி.
மடக்கு மேசை, பத்து நாள் ஊழியம்.
பின்னால் எங்கள் ஆட்கள் சுவருக்கு நீலம் அடிக்கிறார்கள்.
ஜன்னலோரம் சுரண்டினால் போன வருஷத்து மஞ்சள்,
அதற்கும் கீழே
அதற்கு முன்னால் வந்துபோனவர்களின் பச்சை.

பார்வையைச் சோதிக்க அட்டை கொண்டுவந்திருந்தோம்.
யோவான் மூன்று பதினாறு, சிச்சேவா மொழியில்,
பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்துவரை.
முதலில் வந்த எஸ்னார்ட்
ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள்,
அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

மொழிபெயர்க்கும் ஃபைசன் சிரிக்கவில்லை.
எழுந்துபோய் யார் வீட்டிலிருந்தோ
ஒரு தட்டு பீன்ஸ் வாங்கிவந்து வைத்தான்.
கல் பொறுக்கு என்றான்.
மதியத்துக்குள் வசன அட்டை மேசைக்காலுக்கு
முட்டுக் கொடுக்கப் போயிற்று,
பாஸ்டர் பார்க்காத பக்கத்துக் காலுக்கு.

எஸ்னார்ட் ஏழு கல் எடுத்தாள்.
எட்டாவது, வண்டு. அதையும் எடுத்தாள்.
ஏதோ சொன்னாள், வரிசை மொத்தமும் சிரித்தது.
"இத்தனை நாள் இதையெல்லாமா
புருஷனுக்குப் போட்டேன் என்கிறாள்,
நல்லவேளை அவனுக்கும் கண் தெரியாதாம்."

மூன்றாம் நாள் மசாவ்கோ வந்தான்,
சைக்கிளில் ஆளேற்றி ஓட்டுகிறவன்.
டியூபில் ஓட்டை தெரியவில்லை என்றான்.
எட்டு மாட்டிப் பார்த்து எட்டையும் கழற்றினான்.
ஒன்பதாவது எல்டனுடையது.
தலையை ஆட்டினான். எனக்குத் தொண்டை அடைத்தது.
என் புருஷனின் கண்ணாடி
செம்மண் சாலையில் மணியடித்துக்கொண்டு போயிற்று.

அன்று ராத்திரி ஜெபத்தில் சாட்சி சொன்னேன்.
இரண்டு பெண்கள் அழுதார்கள்.
மறுபடி கேட்டார்கள்; இரண்டாம் முறை
இன்னும் நன்றாகச் சொன்னேன்.

விடிந்து, மக்காச்சோளக் கஞ்சி இறக்குமுன்
மசாவ்கோ வந்து நின்றான், முழங்கால் சிராய்ப்போடு.
தரை எழும்பி எழும்பி வருகிறதாம்.
பள்ளத்தை மேடென்று நினைத்து விட்டுவிட்டானாம்.
கண்ணாடியை இரண்டு கையாலும் நீட்டி
"பெபானி" என்றான்.

தப்புச் செய்தவன் சொல்கிற சொல் அது என்றான் ஃபைசன்.
கொஞ்சம் பொறுத்து,
சாவு வீட்டில் சொல்வதும் அதுதான் என்றான்.
யாருடைய கண்ணாடி என்று அவனிடம்
யாராவது சொல்லியிருந்தார்களா, தெரியாது.
நான் கேட்கவில்லை.

பெட்டியைக் கிளறி ஒரு சிவப்பை எடுத்தான்,
ஓரத்தில் சிறகு வைத்து, கல் பதித்த
ஏதோ ஒரு சீமாட்டியின் சட்டம்.
ஹேண்டில்பார் கண்ணாடியில் குனிந்து பார்த்துக்கொண்டான்.
பொருந்தத்தான் செய்தது. போய்விட்டான்.

அப்புறம் எத்தனையோ பேர் எல்டனுடையதை மாட்டினார்கள்,
ஒரு தையல்காரர், இரண்டு மருத்துவச்சிகள்,
பந்தயம் கட்டி ஒரு பையன்.
எல்லாரும் கழற்றிவிட்டார்கள்.
இடது கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல் அதில்.
பன்னிரண்டு வயதில், ஏரிக்கரையில்,
தம்பி வீசிய தூண்டில் முள் கிழித்த கண்.
அந்தக் கண் இந்த ஊரில் யாருக்கும் இல்லை.

கடைசி ராத்திரி கரண்ட் போனபோது
நானே மாட்டிப் பார்த்தேன்.
மெழுகுவர்த்தி இரண்டாயிற்று.
தரை எழும்பி வந்தது,
அவன் சொன்னது சரிதான்.

ஊர் திரும்பினதும் ஞாயிற்றுக்கிழமை
ஐந்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.
திரையில் படம் போடுவார்களாம்,
மசாவ்கோ எல்டனுடையதை மாட்டி நிற்கிற படம்.
மணியடித்துக்கொண்டு போனதோடு நிறுத்தினால்
ஐந்து நிமிஷம் கச்சிதமாக இருக்கும்.

விமானத்தில் எல்லாரும் தூங்குகிறார்கள்.
கோட்டுப் பையில் கட்டைவிரல்
பல்தடத்தைத் தேடி எடுத்துக்கொள்கிறது.