நாலு பத்திலிருந்து நாலரை வரை

ஒன்றுவிட்டு ஒரு வியாழன்,
எங்கள் சாலை முனையில்
பால் கேன்கள் வைக்கும் பழைய மேடையருகே
வந்து நிற்கும் நூலகப் பேருந்து.
நாலு பத்துக்கு வரும். நாலரைக்குப் போய்விடும்.
பின்லாந்தின் வடக்கில், டிசம்பரில்,
மாலைக்கும் நள்ளிரவுக்கும் வித்தியாசம் கிடையாது.
காட்டுக்குள் மஞ்சள் சன்னல்கள் நகர்வதைப் பார்த்துத்தான்
மணி தெரிந்துகொள்வோம்.

முதல்முறை ஏறியபோது எனக்கு எட்டு வயது.
படியில் பூட்ஸைத் தட்டச் சொன்னார் ஓட்டுநர் உர்போ.
உள்ளே டீசல், ஈரக் கம்பளி, பசை வாசம்.
வளைவுகளில் புத்தகம் சரியாதிருக்க
அலமாரிகள் பின்னுக்குச் சாய்ந்திருந்தன,
யாரோ சொன்ன பகடிக்குச் சிரித்துச் சாய்ந்தவர்கள் போல.
"எத்தனை எடுக்கலாம்?"
"தூக்க முடிகிறவரை."
ஏழு தூக்கினேன். வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்.
நான்காவது பனியில் விழுந்தது.
அதன் பக்கங்கள் இன்றும் அலையலையாய்த்தான் இருக்கும்,
எங்கே இருந்தாலும்.

அண்ணன் தாய்ஸ்தோ எடுத்தது ஒரே புத்தகம்,
டிராக்டர் பழுதுபார்ப்பது பற்றி, பதினோரு முறை.
கார்புரேட்டர் படத்தின் மேல்
கிரீஸில் அவன் கட்டைவிரல் ரேகை.
ஸ்வீடனில் கார்த் தொழிற்சாலைக்கு அவன் போனபின்
அதை நான் எடுத்துவந்தேன்,
என்ஜின் பற்றி ஒன்றும் தெரியாமல்.

என் கணவர் ரெய்னோ உள்ளே வந்ததே இல்லை.
வண்டியை அணைக்காமல் வெளியே காத்திருப்பார்,
மனைவி பல் பிடுங்கப் போயிருக்கிறாள் என்பது போன்ற
ஒரு பொறுமையோடு.
கடைசிக் குளிர்காலம், படுக்கையில்,
தேனீக்கள் பற்றிய ஒன்றை வாசித்துக் காட்டினேன்.
ராணி பழைய கூட்டை விட்டுக் கிளம்பும் இடத்தில்
தூங்கிவிட்டார் என்று நிறுத்தினேன்.
"தவணை எப்போது?" என்றார், கண் திறக்காமல்.
"வருகிற வியாழன்."
"நீட்டிக்கச் சொல்."
இரண்டு முறை நீட்டித்தேன்.

போன வசந்தத்தில் நகராட்சிக் கடிதம்:
வருகைக்குப் பத்துப் புத்தகமாவது போகாத நிறுத்தங்கள்
நீக்கப்படும்.
இங்கே இப்போது ஏறுவது நானும்
கலைமான் பண்ணைப் பையன் மிஸ்காவும்.
அவன் மூன்று காமிக்ஸ் எடுப்பான்.
மீதி ஏழு என் பொறுப்பு.
மூட்டு வலிக்கிறது. தடித்தவற்றைத் தவிர்க்கிறேன்.
கவிதை நூல்கள் மெலிந்தவை,
கணக்கில் அவையும் ஒன்றுக்கு ஒன்றுதான்.
ஓட்டுநர் ஹில்ப்பா எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறாள்
கண்டும் காணாமல்,
துருக்கி மொழி அகராதியைக்கூட.

நேற்றிரவு அந்தக் கடித உறையின் பின்னால் கணக்குப் போட்டேன்.
வருகைக்கு இருபது நிமிடம். மாதம் இரண்டு. அறுபது வருடம்.
வந்தது இருபது நாள்.
திரும்பப் பெருக்கினேன். அதேதான்.
மாமியார் வீட்டில்கூட அதைவிட அதிகம் இருந்திருக்கிறேன்.

இன்று, ஆண்டின் முதல் பனி.
நாலரைக்குக் கதவு பெருமூச்சோடு மூடியது.
சிவப்பு விளக்குகள் வளைவில் மறைந்தன.
சாலை முழுக்க வெளுத்திருக்க
பேருந்து நின்ற இடம் மட்டும்
நீள்சதுரமாய்க் கருத்துக் கிடந்தது.
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதன் ஓரத்துக்குப் போனேன்.
வலப்பக்கம் வரலாறு.
கடைசியில், கீழ்த்தட்டில், குழந்தைகளுக்கானவை.
படி இங்கேதான்.
பூட்ஸைத் தட்டினேன்.