வேகம் போதாது

இரண்டே சொல். மாவட்ட நீதிபதியின் பச்சை மை.
ரகசியக் குறிப்பேட்டின் நகல்
கூடலூர் வந்து சேர்ந்ததும் வேகமாக இல்லை:
நடுவட்டத்தில் மண் சரிந்து
தபால் வேன் மூன்று நாள் நின்றதாம்.

முப்பது நாளுக்குள் மறுமொழி எழுதலாம்.
அது என் உரிமை.
தேர்வுக்காக ஒரு காலத்தில் மனப்பாடம் செய்த விதி,
எனக்கு என்றைக்கும் தேவைப்படாது என்ற நினைப்பில்.

எழுதுகிறேன்.
ஐயா,
தாங்கள் ஆய்வுக்கு வந்த அன்று வெயில்.
ஆடியில் வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள்,
ஜன்னல் வழியே மஞ்சு ஏறி வந்து
சாட்சிக் கூண்டுக்கும் எனக்கும் நடுவில் உட்காருவதை.
ஈரத்தில் கட்டுகள் ஊதி நூல் அறுந்துபோகும்.
ஓர் ஒத்திவைப்பின் கீழே கோடு போட்டிருக்கிறீர்கள்:
'சாட்சி வரவில்லை. ஓவேலி ரோட்டில் ஆனை.'
வேடிக்கைக்கு எழுதியதல்ல.
ஆனைக்குச் சம்மன் அனுப்ப
எனக்குத் தெரிந்த சட்டத்தில் பிரிவு இல்லை.

நஞ்சி சாட்சி சொன்ன வழக்கில்
ஒரு நாள் முழுக்கப் போனது, அதுவும் உண்மை.
பணியர் பேச்சில் அவள் சொன்ன ஒரு சொல்லை
மொழிபெயர்த்தவர் 'அடித்தான்' என்றார்.
அவள் இல்லையென்று தலையாட்டினாள்.
'தள்ளினான்' என்றார். அதற்கும் இல்லை.
சரியான சொல் கிடைக்கச் சாயங்காலம் ஆயிற்று.
மாதாந்திர அட்டவணையில் அதற்கு மதிப்பெண் பூஜ்யம்.

இதுவரை நன்றாகத்தான் இருந்தது.
பெஞ்ச் கிளார்க் ஆல்துரை வாசித்துவிட்டு
'கொஞ்சம் சூடு குறைச்சுக்கலாம்மா' என்றார்.
குறைத்தேன். ஆனையை மட்டும் விட்டுவைத்தேன்.

கூடவே இணைக்க வேண்டிய தன்மதிப்பீட்டுத் தாள்.
கடைசிப் பத்தி:
'தம் பணியில் தாமே கண்ட குறைகள்.'
எல்லாரும் அங்கே ஒரு சிறு கோடு இழுப்பார்கள்.
நானும் போன வருஷம் இழுத்தேன்.

மார்ச் மாதம். வெள்ளிக்கிழமை.
நாலாம் நம்பர் லயத்துச் சடையாண்டி, ஜாமீன்.
பிணைதாரர் வந்தாயிற்று, ரேஷன் கார்டு பார்த்தாயிற்று.
விடுதலை உத்தரவு என் மேஜையில்
ஒரு பாகப்பிரிவினைக் கட்டுக்கு அடியில் கிடந்தது.
நான் வீட்டுக்குப் போனேன்.
சனிக்கிழமை துணி துவைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினேன்;
மீன் கடைக்குப் போகிற வழியில்தான் கிளைச் சிறை.
திங்கள் காலை கையெழுத்திட்டேன்.
பேனாவைத் திறக்க எத்தனை நொடி.

ஆய்வில் இது அகப்படவில்லை.
வக்கீல் புகார் எழுதவில்லை.
சடையாண்டி வெளியே வந்து
என்னை, போயும் போயும் என்னை, பார்த்துக் கும்பிட்டான்.

வேகம் போதாது என்றீர்கள் ஐயா.
சரிதான்.
தேடிய இடம்தான் தப்பு.

இருபத்தொன்பதாம் நாள். கரண்ட் இல்லை.
என் கூடத் தேர்வான ஜெனோவா
கோவையில் சப்-ஜட்ஜ் ஆகி வருஷம் இரண்டாகிறது.
தையில் அடுத்த பட்டியல்.
கோடு இழுக்க ஸ்கேலைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

எழுதினேன்: 'மூன்று இரவுகள்.'
வெள்ளி, சனி, ஞாயிறு என்று பிரித்தும் எழுதினேன்,
கூட்டிப் பார்க்கிற சிரமம் யாருக்கும் வேண்டாம்.

உறையில் இடும்போது
ஆல்துரைக்குக் கடைசிப் பக்கம் தெரிந்திருக்கும்.
கேட்கவில்லை.
ஈரத்தில் பசை பிடிக்காமல்
இரண்டு முறை அழுத்தினார், மூன்றாவதாகவும் ஒரு முறை.
'நடுவட்டம் ரோடு திறந்துட்டாங்களாம்மா' என்றார்.