கழுவிய தரை

படம் பிடிக்க ஆள் வருகிறார்கள் என்று
கோயில்பிள்ளை அலோசியஸ்
விடியுமுன் எழுந்து தரையைக் கழுவிவிட்டார்.
எல்லாம் அதனால் வந்தது.

குளச்சலுக்கு மேற்கே
கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் கோயில்.
பதினேழு இடத்தில் முக்காலி வைத்து
ஷிஜின் லேசரைச் சுழலவிட்டிருக்கிறான்.
முப்பத்தொரு கோடிப் புள்ளிகள்
வடசேரியில், பேக்கரிக்கு மேலே, என் மேசைக்கு
சோப்புக்கட்டி அளவுப் பெட்டியில் வந்து சேர்ந்தன.

திறந்தால் இரண்டு கோயில்.
தரைக்கு மேலே ஒன்று,
தரைக்குக் கீழே தலைகீழாய் இன்னொன்று.
ஈரத்தில் பட்டுத் திரும்பிய ஒளி
போகாத ஆழத்துக்குப்
போனதாகக் கணக்கெழுதியிருக்கிறது.

"கீழ கெடக்கத வெட்டிக் களை" என்றான் ஷிஜின் போனில்.
"அவரு நல்ல மனசுல செஞ்சாரு.
நான் ஒண்ணும் சொல்லேல்ல."

வெட்டுமுன் சும்மா உள்ளே போய்ப் பார்த்தேன்.
முக்காலிக்குத் தெரியாத பக்கமெல்லாம்
தண்ணீருக்குத் தெரிந்திருக்கிறது.
பெஞ்சுகளின் அடிப்பலகை, வெளியே நீட்டிய ஆணி.
பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சின் கீழே
சின்னச் சின்னப் புடைப்பு:
சூயிங்கம்.
எண்ணினேன். நாற்பத்தொன்று.
எத்தனை பிரசங்கத்தின் நீளமோ.

தேர்ந்தெடுத்து அழித்தேன்.
உறுதியா, என்று கேட்டது.
உறுதிதான்.

இனி மேல்கோயில்.
சாப்ட்வேருக்குத் தெரிந்ததெல்லாம் நேர்ச்சுவர்.
இந்தத் தெற்குச் சுவரோ
பாதி உயரத்தில் உண்ட வயிறாய் உப்பி,
பதினொரு சென்டிமீட்டர் கடல் பக்கம் போய்
கூரைக்குக் கீழே மனம் மாறித் திரும்புகிறது.

"நேராவே போடுங்க" என்றார் கமிட்டிச் செயலர் ராயப்பன்.
"பாட்டுக்காரங்களுக்கு மாடி கெட்டத்தானே மாடல் கேட்டோம்?
சாஞ்சு நின்னா ஆளுவ பயப்படும்."

நேராகப் போட்டேன்.
பித்தான் அறுந்த சட்டைக்குள் தெரியும் உடம்பாய்
புள்ளிகள் வெளியே பிதுங்கின.
மறுபடி சாய்வாக, செங்கல் போன வழியே,
நாலு மணி நேரம்.
பில்லில் அதற்கு வரி இல்லை.
குறிப்புப் பெட்டியில் எழுதினேன்:
தெற்குச் சுவர், பதினொரு சென்டிமீட்டர்.
மாடி ஏற்றுமுன் பொறியாளரைக் கூப்பிடவும்.
ராயப்பன் அந்தப் பெட்டியைத் திறப்பாரா, தெரியாது.

அடுத்த புதன் மணிக்கூண்டு ஸ்கேன்.
அலோசியஸைக் கூப்பிட்டேன்.
"அண்ணாச்சி, இந்தத் தடவை தரை கழுவாண்டாம்."

சற்று நேரம் கடலிரைச்சல்தான் கேட்டது.

"ஏன் மக்ளே," என்றார்,
"எங்கயாவது அழுக்கு தெரிஞ்சுதா?"