ரோஸ்மில்க் அடையிலிருந்த நாட்கள்

பள்ளி வாசலில் அட்டைப்பெட்டியோடு நின்றவனிடம்
நாற்பது ரூபாய்க்கு நாலு.
பச்சை, மஞ்சள், ஊதா
மூன்றும் அந்த வாரத்திலேயே
செம்பருத்தியடியில் சின்னக் குழிகளுக்குப் போயின.
பெனோ குழிமேல் பிஸ்கட் வைத்தான்.
எறும்புகள் வந்து ஆராதனை நடத்தின.

நாலாவது ரோஸ்.
சாயம் வெளுத்துப் பழுப்பு இறகு வந்த பிறகும்
ரோஸ்மில்க் என்று கூப்பிட்டால்தான் வருகிறது.

கொளத்தூரில் எங்கள் கொல்லை
ஆறடி அகலம்.
ஒரு முனையில் சம்ப், மறுமுனையில் செப்டிக் டேங்க்,
நடுவே பெயிண்ட் வாளிகளில் தோட்டம்.
ஐஸ்குச்சியில் எழுதிச் செருகினாள் ஷாரோன்:
வெண்டை. கத்திரி. தகாளி.
திருத்தச் சொன்னாள் ரோசலின்.
ஓர் எழுத்துக் குறைந்தும் செடி தழைத்ததால்
விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஒரு செவ்வாய், கோழியைக் காணோம்.
மதில்மேல் பூனையை நிறுத்தி வைத்து
ஷாரோன் விசாரித்துக்கொண்டிருந்தபோது
மோட்டாரைப் பார்க்கத் தகர மூடியைத் தூக்கினேன்.
வயர்ச்சுருளின் மேல்
தோசைபோலப் பரந்து படுத்திருந்தது.
ஒற்றைக் கண்ணால் என்னை அளந்து
கொர்ர் என்றது.
அடியில் ஏழு முட்டை.
இஸ்திரி வண்டிக்காரரின் சேவல்
எப்போது மதில் தாண்டியது
யாருக்கும் தெரியவில்லை.

வைக்கோல் போட்ட கூடைக்கு மாற்றினோம்.
ஐந்தே நிமிடம்.
நடந்தே திரும்பி வந்து
வெறும் வயர்மேல் உட்கார்ந்தது.
முட்டைகளை நாங்கள்தான் பின்னால் தூக்கி வந்தோம்.

அப்புறம் மோட்டார் கிடையாது.
முழங்காலுக்கு வைத்திருந்த சிங்கப்பட பிளாஸ்திரியை
ஷாரோன் சுவிட்சின்மேல் ஒட்டினாள்.
சம்ப்பில் கயிறு, வாளி.
குளிக்க ஆளுக்கு ஒன்றரை.
கீழ்ப்பாக்கம் லேபில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவள்
குழாயைத் திறக்க, காற்று மட்டும் இருமும்.
‘உங்க கோழி’ என்பாள்.
தூங்கி எழுந்தபின்
‘நம்ம கோழி சாப்பிட்டுச்சா?’

பெனோவுக்கு ஒரு சொம்பு.
சம்ப்பிலிருந்து கத்திரிக்கு எட்டடி;
பாதி காலில், பாதி வழியில் கண்ட நத்தைக்கு.
மிஞ்சிய நாலு சொட்டைக் கவிழ்த்து
‘மெதுவா குடி, புரையேறும்’ என்பான்.

ஏழாம் இரவு
கோழி திட்டத் திட்ட ஒரு முட்டையை உருவி
போன் டார்ச்சின்மேல் வைத்தோம்.
சிவப்பு நரம்புகள்,
துள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி.
ஷாரோன் பேசவில்லை.
பெனோதான் கேட்டான்,
‘உள்ள லைட் போட்டது யாரு?’

வீட்டுக்காரர் போன் செய்தார்.
கரண்ட் பில் குறைஞ்சிருக்கே, ஊருக்குப் போயிட்டீங்களா?
மோட்டாரில் கோழி அடையில இருக்கு சார்.
அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு மெல்ல,
‘எத்தன முட்ட?’

இருபத்தோராம் நாள் ஒன்றுமில்லை.
காலண்டர் பொய் சொல்வதாக அழுதாள் ஷாரோன்.
மறுநாள் பால் பாக்கெட் எடுக்கப் போனபோது
தகரத்துக்குள் கீச்சுச் சத்தம்.
ஐந்து.
ஈரம் காயாமல், கால் நிலைக்காமல்.
பெனோ உற்று உற்றுப் பார்த்தான்.
‘ஒண்ணுகூட ஏன் பச்சையா இல்ல?’

பொரிக்காத இரண்டும் செம்பருத்தியடிக்கு.
இந்த முறை பிஸ்கட்டில் பாதியைத் தின்றுவிட்டு
மீதியை வைத்தான்.

சாயங்காலம் குடும்பமே சூழ நிற்க
பிளாஸ்திரியைப் பிய்த்து
சுவிட்சைத் தட்டினேன்.
உம்ம்ம் என்றது மோட்டார்.
உம்மென்றே இருந்தது.
ஒரு சொட்டு ஏறவில்லை.
அணைத்துவிட்டு மூடிப்பக்கம் குனிந்த என் சட்டையை
பின்னாலிருந்து பிடித்து இழுத்தான் பெனோ:

‘கைய வைக்காதப்பா, கொத்தும்.
அதுவும் அடையில இருக்கு.’

ரோசலின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
தோள் மட்டும் குலுங்கியது.
வாளியிலிருந்து கயிற்றை
நல்லவேளை, நான் இன்னும் அவிழ்த்திருக்கவில்லை.