பப்பாசிக்குப் போட்ட கண்ணாடி

விசுவமடுவில் மூன்று கடை ஏறி இறங்கினேன்.
முதற்கடைக்காரர் வெயில் கண்ணாடி காட்டினார்,
முந்நூற்றைம்பது ரூபா.
"பெடியளுக்கு வடிவாயிருக்கும் அக்கா."
வடிவுதான்.
பக்கவாட்டில் என் சின்னவிரல்
உள்ளே போய் வெளியே வந்தது.
ஆறு மில்லிமீற்றர் உருண்டைக்கு
அது திறந்த படலை.
இருந்தாலும் ஒன்று வாங்கினேன்,
காரணம் பிறகு.

இரண்டாவதில் வெல்டிங் கண்ணாடி.
போட்டுப் பார்த்தால் பட்டப்பகல் அமாவாசை.
கடைக்காரரின் வெள்ளைச் சேட்டு மட்டும்
தனியே நின்று விலை சொன்னது.

மூன்றாவது குணராசா ஹாட்வெயார்.
புல்வெட்டி மெசினுக்கென்று தொங்கவிட்டிருந்தார்,
றப்பர் விளிம்பு, தலையைச் சுற்றி இலாஸ்ரிக்,
ஆயிரத்து நானூற்றைம்பது.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
"என்ன அக்கா, விலையைத் தேடுறியளோ?"
இல்லை, எழுத்தை.
எஃப் என்றால் மெல்லிய அடி தாங்கும்,
பி என்றால் நடு அடி.
ஒன்றுமே இல்லையென்றால்
செய்தவனுக்கே அதில் நம்பிக்கையில்லை.
இதில் பி இருந்தது,
குருணல் அளவில்.
"இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"
முகமாலையில் கண்ணிவெடி எடுக்கிறேன் என்றேன்.
ஐம்பது ரூபா குறைத்தார்.

துவக்கு சித்தப்பன் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது.
கறுப்புப் பிளாஸ்ரிக், ஸ்பிரிங் இழுத்துச் சுடுவது.
வேண்டாம் என்று லதுர்சனுக்கு நான் சொல்லவில்லை.
சொன்னால் நிதுசன் வீட்டு வளவில் விளையாடுவான்,
வெறுங்கண்ணோடு.

காய்ப் பப்பாசி ஒன்று பறித்து
வேலிக்கட்டையில் இருத்தி
முந்நூற்றைம்பதை அதற்குப் போட்டேன்.
நல்லதை மகனுக்குப் போட்டுக்
கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் நிற்பாட்டினேன்.
எனக்கு ஒன்றுமில்லை.
அது பிழை.
வேலையில் என்றால் அன்றைக்கே
வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

துவக்கை எடுத்தேன்.
அது தானாகப் போய்த் தோளில் இருந்தது.
மூச்சு பாதியில் நின்றது.
மூன்றாவது சூட்டில் கண்ணாடி பிளந்து
பப்பாசி பால் வடித்தது.

அடுத்தது நல்லது.
மகனை வீட்டுக்குள் போகச் சொன்னேன்,
யன்னலால் பார்த்தான்.
இருபது சூடு.
இரண்டு வெள்ளைத் தழும்பு மட்டும், கீறல் இல்லை.
"எல்லாம் ரெண்டே இடத்தில பட்டிருக்கு.
எப்பிடியம்மா?"
"பப்பாசி பெரிசு."
அவன் பப்பாசியைப் பார்த்தான்.
என் கையைப் பார்த்தான்.
பிறகு கேட்கவில்லை.

அடிவாங்கிய கண்ணாடியை இனிப் போடக்கூடாது.
ஆயிரத்து நானூறு போனது போனதுதான்.
சம்பளம் வந்ததும் நாலு வாங்கினேன்.
நிதுசனின் தாய் தன் பங்கைத் தந்தா,
அபிசானின் தகப்பன் பிறகு என்றார்,
கோபிதன் வீட்டில் நான் கேட்கவில்லை.
அவன் தலை சிறிது,
இலாஸ்ரிக்கை மடித்துத் தைத்தேன்.

வெயிலில் உள்ளே புகார் பிடிக்கும்.
பிடித்தால் கை கண்ணாடியைத் தூக்கும்.
எனக்கு அந்தக் கையைத் தெரியும்.
பத்து மணிக்கு, கம்பிக் கோட்டுக்குள்,
குந்தியிருக்கும்போது
என் கையும் அப்படித்தான் எழும்பும்,
பின்னாலிருந்து விசில் ஊதும்வரை.
ஒரு துளி சன்லைற் நீர் பூசித்
துடைத்துக் காயவிடுங்கள் என்றேன்.
அப்பிடியும் புகாரென்றால்
எல்லாரும் நிற்பாட்டி, துவக்கை நிலத்தில் வைத்து,
கிணற்றடிக்கு வந்துதான் கழற்றலாம்.
பார்க்க வரும் தங்கச்சிமாருக்கும் கண்ணாடி.
இல்லாவிட்டால் யன்னல்.

இன்னொன்றும் சொன்னேன்:
சுட்டதெல்லாம் எண்ணிப் பொறுக்க வேண்டும்.
சிரித்தார்கள். பொறுக்கினார்கள்.
இருநூறு போய்
நூற்றுத் தொண்ணூற்று மூன்று வந்தது.

ஏழு குறைகிறது.
பெடியள் சோற்றுக்குப் போய்விட்டார்கள்.
நான் வளவை நூல் பிடித்து நாலாய்ப் பிரித்துக்
குந்தியபடி போகிறேன்.
முருங்கையடியில் இரண்டு.
வாளிக்குள் ஒன்று.
ஒன்றைக் கோழி விழுங்கியிருக்கும்,
அது நடக்கிற நடை அப்படி.
மூன்று.
மூன்று எங்கே?