நான்காம் நாள், சிலிம் ரிவர்

பிறையிலிருந்து குளுவாங் வரை
சைக்கிளில் போகிறேன் என்றபோது
"பஸ் இல்லையா, புஷ்பலீலா?" என்றார் சூப்பர்வைசர்.
இருக்கிறது.
பதினோரு வருட இரவு வேலைக்குப் பிறகு
பகலை முழுதாய்ப் பார்க்க வேண்டும் எனக்கு,
மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் வேகத்தில்.

தீபாவளி கழிந்து இரண்டு வாரம்.
சாலையோரம் ஊறிய பட்டாசுக் காகிதம்.
மூன்று மணிக்கு மழை வரும்.
அதுவரை செம்பனை, செம்பனை,
ஒரு மாரியம்மன் கோயில்,
மறுபடி செம்பனை.

ஊர் தொடங்கும் இடத்தில்
சங்கிலி கழன்றது.
கை முழுக்கக் கிரீஸ்.
கெட்ட வார்த்தையில் பாதி சொல்லியிருப்பேன்,
கைப்பிடிக்கு மேலே ஒன்று,
எலுமிச்சை நிறத்தில்.
பிறகு ஏழெட்டு.
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மரவரிசைகளுக்குள்ளிருந்து வந்தன,
எல்லாம் ஒரே பக்கமாய்.
சுற்றிப் போகத் தெரியவில்லை அவற்றுக்கு.
பெட்ரோல் நிலையத்தை மேலேறிக் கடந்தன.
டயர் கடைக்குள் முன்வாசலில் நுழைந்து
பின்வாசலில் வெளியேறின,
வரி கட்டியவர்கள் மாதிரி.
குலை ஏற்றிய லோரி வேகம் குறைத்தது.
நிற்கவில்லை, குறைத்தது.
அதன் முகவலையில் ஐந்தாறு மஞ்சள்
துடித்தபடியே தெற்கே போயின.

"ராமா ராமா" என்றார் டயர் கடை பாக்சிக்,
ஸ்பானரை உயர்த்திக் காட்டி.
மலாயில் வண்ணத்துப்பூச்சிக்கு அதுதான் பெயர்.
ஒன்றாம் வகுப்பில் அதைக் கேட்டு
நான் கைகூப்பி எழுந்து நிற்க,
மலாய் டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
இன்று கூப்பியிருப்பேன்.
கிரீஸ்.

"எங்கே போகுது இதெல்லாம்?"
தோளைக் குலுக்கினார்.
"நீ எங்கே போறே?"
"குளுவாங்."
"அங்கே யாரு?"
"யாருமில்லை. ரயில் நிலையத்தில்
காப்பி நல்லா இருக்குமாம்."
என்னை ஒரு தரம் பார்த்தார்,
போகிற மஞ்சளை ஒரு தரம்.
வேறெதுவும் கேட்காமல் சங்கிலியை மாட்டி
மூன்று வெள்ளி வாங்கிக்கொண்டார்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்
அவையும் நானும் ஒரே திசை.
ஓர் ஆறு, ஒரு வளைவு.
நான் சாலையோடு திரும்பினேன்.
அவை திரும்பவில்லை.
மழை அன்று பத்து நிமிடம் முன்னதாகவே வந்தது.

தஞ்சோங் மாலிமில், முப்பத்தைந்து வெள்ளி அறையில்,
பையின் வாரில் ஒரு சிறகு இருந்தது, பாதி.
எடுத்ததும் தூள் விரலில் ஒட்டியது,
கிரீஸின் மேலேயே.
சோப்புப் போட்டுக் கழுவினேன்.
மஞ்சள்தான் முதலில் போனது.