றெஜி அரசனான சனிக்கிழமை

அரசனின் தலையிலிருந்து
கிரீடத்தைப் பிடுங்கிறன் எண்டான் றெஜி.
நடுச்சபையில். நாற்பது காவலர் வாளோடு நிற்க.
வாய்க்குள் இன்னும் பாதி றோல்ஸ்.

யோசிச்சுத்தான் சொல்லுறியோ, என்று கேட்டேன்.
இந்தக் கேள்வியின் அர்த்தம் மேசைக்கே தெரியும்.
கேதாரணி தன் மந்திரவாதியை
மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்த்தினாள்.
"இவர் யாரென்று யானறியேன் மன்னா"
என்றான் வாகீசன், சுத்தத் தமிழில்.

பிஸ்கற் ரின் மூடிக்குள் கட்டை உருண்டது.
இருபது.

கீழே போட்டோகொப்பிக் கடை பூட்டியாயிற்று.
கொக்குவில் சந்தியில் கடைசி மினிவான் ஆள் கூப்பிடுகிறது.
எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

கொல்வது லேசு.
நாற்பது வாள், ஒரு வரி, முடிந்தது.
ஆனால் துடுக்குத்தனத்துக்குச் சாவு என்பது
இந்த ஊர் கேட்டுக் கேட்டு அலுத்த தீர்ப்பு.
அதற்கு என் கற்பனை எதற்கு?

கிழமை நாளில் நான் காணிப் பதிவுக் கந்தோரில்.
உறுதிகளின் தூசிக்குள் ஐந்து வருடம்.
வடக்கெல்லை வாய்க்கால், கிழக்கெல்லை
காலஞ்சென்ற சின்னம்மாவின் பங்கு,
அதில் நிற்கும் பனை இரண்டும் உட்பட.

ஆகவே சொன்னேன்:
காவலர் நாற்பது பேரும் உன் முன் மண்டியிடுகிறார்கள்.
கிழட்டு அரசன் ஆனந்தத்தில் அழுகிறான்.
"இருபத்தெட்டு வருடம்! ஒருவனாவது
பிடுங்க மாட்டானா என்று பார்த்திருந்தேன்"
செருப்பும் போடாமல் ஓடுகிறான்.
சட்டம் அப்படி. எடுத்தவனே அரசன்.
வாசலில் வழக்காளிகள்.
வரிசை மலை தாண்டிப் போகிறது.

முதல் வழக்கு: இரண்டு அரக்கர், ஒரு வேலி.
மூத்தவன் ஒவ்வொரு மாரிக்கும் கதியாலை
ஒரு விரற்கடை தள்ளி நடுகிறான்,
முந்நூறு வருடமாய்.
இளையவன் இப்போது நின்றபடி நித்திரை கொள்கிறான்.

அடுத்தது பறவைநாகத்தின் சீதனம்:
குகை தருவதாய்ச் சொல்லி
எழுதிக் கொடுத்தது குகையின் நிழலை.
அதன் பிறகு கிணற்றுப் பங்கு. பூதத்துக்குச் செவ்வாய் மட்டும் தண்ணி.

வாகீசன் சிரித்துக் கதிரையோடு சரிந்தான்.

மூன்று சனிக்கிழமை, புதையல் பக்கமே ஒருவரும் போகவில்லை.
களைத்துப்போய்க் கிரீடத்தை
யார் தலையிலாவது எறிவான் என்று காத்திருந்தேன்.
குருநகர் ஐஸ் கொம்பனியில்
பகல் முழுக்க மீன்பெட்டி தூக்கிவிட்டு வந்தவன்
கொப்பி எடுத்து
அரக்கரின் வேலியை அடி அடியாய் வரைந்தான்.
இளைய அரக்கனைக் கேட்டான்:
இவ்வளவு காலமும் ஏன் வழக்கு வைக்கேல்லை?

அதற்கு நான் பதில் தயாரித்திருக்கவில்லை.
அரக்கன் குரலில் வாயில் வந்தது:
"அண்ணை என்னோட கதைக்கிறது
வேலி நடேக்கை மட்டும்தான்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை.
கேதாரணி பிளேன்ரீக்குச் சீனி போட்டாள்,
போட்டதையே மறந்து இன்னொருக்கால்.

பிறகு றெஜி, றெஜி அல்லவா,
கதிரையில் ஏறி நின்றான்.
"நாடு முழுக்க வேலியைப் புடுங்குங்கோ!"

யோசிச்சுத்தான் சொல்லுறியோ.

கட்டை மூடியைத் தாண்டிப் பாய்ந்து
அலுமாரிக்கு அடியில் போனது.
வாகீசன் போன் வெளிச்சத்தோடு குப்புறக் கிடக்கிறான்,
என்ன விழுந்ததென்று இன்னும் சொல்லவில்லை.
நான் அதற்குள்
ஆடுகளை எண்ணத் தொடங்கிவிட்டேன்.
வேலியே இல்லாத ஒரு நாட்டில்
எத்தனை ஆடு.